உட்கார்ந்து காட்டுங்கக்கா

"அக்கா, யாராச்சும் ஒரு ஆளு அங்க உக்காந்து காட்டணும்க்கா. வெறுந்தரையப் பாத்துலாம் ஃபோகஸ் வைக்க முடியாது," என்றான் ஏணி மேல் நின்ற ஜெபசிங். கேமரா மாட்ட வந்தவன். வாயில் ஒரு ஸ்குரூவைக் கவ்விக்கொண்டிருந்ததால் பேச்சு குழறி வந்தது, ஆனால் அந்த 'உக்காந்து' மட்டும் தெள்ளத் தெளிவாக வந்து உலகம்மாள் காதில் விழுந்தது. இரண்டாம் மாடிப் பட்டு செக்‌ஷனில் நின்ற அத்தனை பிள்ளைகள் காதிலும் விழுந்தது. யாராச்சும் ஒரு ஆளாம். யாரைச் சொல்ல? ஏ பிள்ள, நீ போய் உக்காரு என்று எந்த வாயால் சொல்ல? அந்த வாய்தானே போன வாரம் எல்லாவற்றையும் கக்கிவிட்டு வந்தது. கடை திறக்க இன்னும் நேரம் கிடந்தது. கீழே ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. தென்காசிச் சாரல் ஜன்னல் கண்ணாடியில் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஆடித் தள்ளுபடி தொடங்கும் முன்னால் எல்லாக் கேமராவும் ஓடியாக வேண்டும் என்று சின்ன முதலாளி உத்தரவு. மெரூன் சேலை கட்டிய பிள்ளைகள் கவுண்ட்டரைத் துடைக்கிறார்கள். துடைத்த இடத்தையே துடைக்கிறார்கள். ஒருத்தியாவது இவளை நிமிர்ந்து பார்க்கட்டுமே! வாய்விட்டுத் திட்டினால்கூடத் தேவலை, பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம். இதுகள் திட்டவும் இல்லை, பேசவும் இல்லை, காலையில் வந்ததும் "வாங்கக்கா" என்றதுகூட எப்போதும்போலத்தான் சொன்னதுகள். சூப்பர்வைசர் என்று இவள் ஒருத்திக்கு மட்டும் நீலச் சேலை. இத்தனை நாள் அதை விறைப்பாகக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு வந்த பெருமை என்ன, இன்றைக்கு அதன் முந்தானையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிற நிற்பு என்ன.

அந்த இடத்துக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பேர் 'தூணு'. கடைசி ரேக்குக்கும் நடுக்கூடத்துப் பெரிய தூணுக்கும் இடையில், ஓர் ஆள் ஒடுங்கி உட்காருகிற அளவு சந்து. தரையில் துணிச் சிப்பம் பிரித்த சாக்கு ஒன்று மடித்துக் கிடக்கும், காலை நீட்டி வைக்க ஒரு காலி அட்டைப்பெட்டி. அவ்வளவுதான் சொத்து. கடையில் உட்காரக் கூடாது. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை, ஆனால் உட்காரக் கூடாது. சேலை எடுக்க வருகிறவர்கள் மெத்தையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், இவர்கள் நின்று விரித்துக் காட்டுவார்கள். சரி, அது வியாபாரம். ஒரு ஈ காக்கை இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலும் நிற்கத்தான் வேண்டும், உட்கார்ந்தால் கடை தூங்கி வழிகிற மாதிரித் தெரியுமாம். நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார ஏதாவது போட்டே ஆகணும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தபோது மாடிக்கு மாடி பிளாஸ்டிக் ஸ்டூல் வந்து இறங்கியது. அன்றைக்குப் பிள்ளைகள் போட்ட ஆட்டம்! ஒருத்தி உட்கார்ந்து போட்டோகூட எடுத்துக்கொண்டாள். ஆபீசர் வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போனார். சாயங்காலம் ஸ்டூல் மேலெல்லாம் பாவாடைத் துணி அடுக்கியாச்சு. இன்றைக்கும் துணி உட்கார்ந்திருக்கிறது, ஆள் நிற்கிறது. ஆனால் தூணு அதற்கெல்லாம் முந்தி வந்தது. அதைக் கொண்டுவந்தவளே உலகம்மாள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயிற்றுவலியில் கண் இருட்டி, ரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு நாளில், இந்த ரேக் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தால் ஓர் ஆள் உட்காரலாமே என்று தோன்றியது. ஒரேயடியாகத் தள்ளினால் தெரிந்துபோகும் என்று தினமும் பெருக்குகிற சாக்கில் விரலளவு விரலளவாக நகர்த்தினாள். ஒரு பயலுக்குத் தெரியவில்லை. முதலாளி மேலே வந்தால் படிக்கட்டுப் பக்கம் நிற்கிறவள், "ஏட்டி, மாம்பழக் கலர்ல ஒண்ணு எடுத்துப் போடுங்கட்டி" என்று குரல் கொடுக்கணும், உட்கார்ந்திருக்கிறவள் எந்திரிச்சுக்கணும். அந்த ஏற்பாடும் அவள் செய்ததுதான். என்ன மூளை உனக்கு உலகு! அத்தனை மூளையும் ஒரு கப் டீயில் கரைஞ்சு போச்சே, பாவி மட்டை.

ஒரு கப் டீ என்று சொன்னால்கூடப் பொய். டீ ஆறித்தான் போயிருந்தது, பாதி குடிக்கவும் இல்லை. நாற்காலிதான். சின்ன முதலாளி தன் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டுவிட்டார். வழக்கம்போல வாசலோடு ஒட்டி நின்றாள். "உக்காருங்க உலகம்மா" என்றார். இத்தனை வருஷத்தில் பெரியவரோ சின்னவரோ யாருமே சொல்லாத வார்த்தை. வேற யாரையோ சொல்கிறார் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தாள், அந்த அசட்டுத்தனத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பிறகு உட்கார்ந்தாள். கறுப்பு மெத்தை வைத்த, சுழல்கிற நாற்காலி. அடியில் புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது, உடம்பு கொஞ்சம் இறங்கியது, முட்டியில் எப்போதும் இறுகிக் கிடக்கிற ஏதோ ஒன்று அவிழ்ந்தது. கெண்டைக்காலில் புழுப்போல முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடக்கிற நரம்புகள்கூட அந்த ஏசிக் குளிரில் வலியை மறந்தன. "உங்களத்தான் நம்பியிருக்கேன். ஆடி வருது. திடீர்னு பாத்தா ஒரு பிள்ள ரெண்டு பிள்ள காணாமப் போயிருது. எங்கதான் போகுதாங்க?" அதட்டிக் கேட்டிருந்தால், சத்தியமாக, தெரியாது மொதலாளி என்று சாதித்திருப்பாள். அதட்டலுக்கெல்லாம் அவள் பயந்தவளே இல்லை. அவர் சிரித்துக்கொண்டு கேட்டார். தங்கச்சி வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு தோரணையில் கேட்டார். முட்டி அவிழ்ந்தது, கூடவே நாக்கும் அவிழ்ந்தது. "தூணுப் பக்கம் ஒரு சந்து இருக்கு மொதலாளி, அசதிக்குச் செத்த நேரம்..." பேர் சொல்லவில்லை. அதை மட்டும் ஒரு வாரமாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் ஒருத்தி பேரையும் சொல்லலை. முக்கியமா அந்த முப்புடாதி பிள்ள பேரைச் சொல்லலை. ஆமாம், பெரிய சாதனை. எந்திரிக்கும்போது, தான் உட்கார்ந்த நாற்காலியைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டு வந்தாள், யாரும் துடைக்கச் சொல்லாமலே. காட்டிக்கொடுத்ததைக்கூட ஒருவேளை மறந்துவிடலாம். அந்தத் துடைத்த துடைப்பை எங்கே கொண்டுபோய்ப் புதைக்க?

"என்னக்கா, ஆளு கிடைக்கலையா? நீங்களே உக்காந்தாலும் சரிதான். சும்மா ரெண்டு நிமிசம்." ஜெபசிங் ஸ்குரூவை வாயிலிருந்து எடுத்துவிட்டான். கழுத்தில் ஒரு குட்டி டிவியைத் தொங்கப் போட்டிருந்தான், அதில் பார்த்துப் பார்த்துக் கேமராவின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தான். ஏணியின் மேல்படியில் அவன் போன், ஸ்பீக்கரில். அதிலிருந்து சின்ன முதலாளி குரல், கீழே ரூமில் பெரிய டிவியைப் பார்த்துக்கொண்டு: "தூணு வந்துட்டு தம்பி. தூணுக்கு இடதா வலதா, எந்தப் பக்கம்னு அந்தம்மாட்ட கேட்டுக்கோங்க." அந்தம்மாட்ட கேட்டுக்கோங்க. எல்லாருக்கும் கேட்டிருக்கும். துடைக்கிற துணிகள் ஒரு நொடி நின்று, பிறகு நகர்ந்தன. அதில் ஒரு துணி முப்புடாதியுடையது. அவள் மாத்திரம் கவுண்ட்டரில் சாய்ந்த மாதிரி, இடது காலை லேசாகத் தூக்கினாற்போல நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணுக்காலுக்கு மேலே புண். கொசுக்கடி மாதிரி வந்து, உடைந்து, ஆறாமல் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதே உலகம்மாள்தான். "நின்னா ஆறாதும்மா, காலைத் தூக்கி வச்சு உக்காந்தாத்தான் ரத்தம் ஏறும்," என்றாள் டாக்டரம்மா. "பட்டு செக்‌ஷன்ல ஒரு கட்டில் போடச் சொல்லட்டுமா டாக்டரம்மா?" என்று கேட்டு அந்த வலியிலும் சிரித்த கழுதை அவள். கட்டுத் தெரியாமல் சேலையைத் தாழ்த்திக் கட்டுகிறாள், வாடை தெரியாமல் பவுடரைக் கொட்டுகிறாள். தெரிந்தால் சீக்காளியை வைத்து வியாபாரம் பண்ண முடியாது என்று கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள், வீட்டில் அவள் ஒருத்தி நின்றுதான் மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மத்தியானம் செத்த நேரம் தூணுக்குப் போய், அட்டைப்பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வாள். அதில்தான் போன மாதம் புண் ஓரம் லேசாகக் காய்ந்து சிவப்புத் தோல் கட்டியது. "பாத்தீளாக்கா, தோலு வருது" என்று சேலையை விலக்கிக் காட்டினாளே. இவளிடம்தானே காட்டினாள்.

தூணுக்கு இடதா வலதா. அப்போதுதான் உலகம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. வலது பக்கம் போய் உட்கார்ந்தால் என்ன? அங்கே ஆளுயரக் கண்ணாடி, அதன் கீழே தாராளமாக இடம். இங்கதான் பிள்ளைங்க உக்காருவாங்க மொதலாளி என்று சொல்லிவிட்டால் இந்தத் தம்பி கேமராவை அந்தப் பக்கம் திருப்பி முறுக்கிவிட்டுப் போய்விடுவான். இடது பக்கத்துச் சந்து தூணுக்குப் பின்னால் மறைந்துபோகும். அவரிடம் சந்து என்றுதானே சொன்னோம், எந்தப் பக்கம் என்று எங்கே சொன்னோம்? கேமராவில் தினம் வெறுங்கண்ணாடி தெரியும், அவர் பார்ப்பார், பிள்ளைகள் திருந்திட்டாங்க என்று நினைத்துக்கொள்வார். முப்புடாதி கால் நீட்டிக்கொள்ளலாம். கடவுளே, இது ஏன் ஒரு வாரமாகத் தோன்றவில்லை? இதைச் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், இல்லை, எல்லாம் சரியாகாது, சொன்னது சொன்னதுதான், ஆனால் பாதியாவது சரியாகும். முப்புடாதியை ஒரு பார்வை பார்த்தாள். இரு பிள்ள, பாத்துக்கோ என்று கண்ணாலேயே சொல்லப் பார்த்தாள். அவள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். "நானே உக்காருதேன் தம்பி," என்று உலகம்மாள் சொன்னாள், குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது, நடந்தாள். வலது பக்கம். கண்ணாடிப் பக்கம். நடக்க நடக்க அந்த நாற்காலி மறுபடி ஞாபகம் வந்தது. ஏன் வரவேண்டும் இப்போது? அந்தப் புஸ் சத்தம். அவர் டீயைத் தள்ளி வைத்த விதம். துடைத்தது. துடைத்தபோது அவர் பார்த்தாரா, பார்த்தார், பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார், அதுதான், பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை, துடைக்கிறவள் துடைத்துவிட்டுப் போகிறாள் என்று. சீ. முட்டி மளுக்கென்றது. வலது கை தானாகப் போய்த் தூணின் முனையைப் பிடித்தது, கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாகிப்போன அந்த முனையை. இடது கை ரேக்கின் மூன்றாம் தட்டைப் பிடித்தது. உடம்பு அரைவட்டம் திரும்பி, மூச்சை விட்டு, இறங்கியது. அடியில் சாக்கு மெத்தென்று தட்டியது. சாக்கு!

"சூப்பர்க்கா! அசையாதீங்க, அப்படியே இருங்க," என்றான் ஜெபசிங். தலைக்கு மேலே கேமரா மெல்லக் குனிந்தது. உலகம்மாள் தூணுக்கு இடது பக்கம், ரேக்குக்கும் தூணுக்கும் நடுவில், தான் விரலளவு விரலளவாக உண்டாக்கின அந்தச் சந்தில், கச்சிதமாக உட்கார்ந்திருந்தாள். இல்லை, இங்க இல்லை தம்பி, அந்தப் பக்கம், நான் மாத்தி உக்காந்துட்டேன், இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தாள். "ம், இப்ப தெளியுது, இன்னும் லேசா கீழ" என்றது போன். "கலங்கலா இருக்குல்லா சார், இருங்க, இந்தா" என்று ஜெபசிங் எதையோ நுனிவிரலால் திருகினான். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. சொல்லு உலகு. இப்பச் சொல்லு. சொன்னா அவர் கேட்பார், அப்ப ஏன் அங்க போய் உக்காந்தீங்கன்னு. கேட்டா என்ன, கிறுக்கு மாதிரி உக்காந்துட்டேன்னு சொல்லு. கிறுக்கின்னு நினைச்சிட்டுப் போகட்டும். சொல்லு. அதற்குள் காலில் ரத்தம் இறங்கியது, இல்லை, ஏறியது, என்னவோ, அந்தச் சுகம் வந்துவிட்டது, பாதத்திலிருந்து கிளம்பி முட்டி வழியாக இடுப்புக்கு வருகிற அந்தப் பாழாய்ப்போன சுகம். சூப்பர்வைசர் ஆனபிறகு நடக்கத்தான் செய்கிறாள், ரொம்ப நாளாகத் தூணுக்கு வரவில்லை. நீலச் சேலை கட்டிக்கொண்டு சாக்கில் உட்காருவதா என்ற கௌரவம். இடம் அப்படியே இருந்தது. ரேக்கின் உள்பக்கத்தில் யாரோ சின்னதாக ஒரு பொட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். அட்டைப்பெட்டியின் மேல், கால் வைக்கிற இடத்தில், மஞ்சளாக ஒரு கறை. மருந்துக்கறை. உலகம்மாள் பார்வையை எடுத்தாள். நான் வலது பக்கம்தான் போனேன். காலுதான் இங்க கொண்டுவந்து போட்டுருச்சு. பழக்கத்தில, அசதியில. நான் என்ன பண்ண? அட, காலு மேல பழியப் போடுதியா? அன்னைக்கு நாற்காலி மேல போட்ட, இன்னைக்குக் காலு மேல. காலு இழுத்துச்சுன்னா வாய்க்கு என்ன வந்தது? வாய் இன்னும் திறந்துதானே இருக்கு, சொல்லேன். ஏணிக்கு மேலிருந்து கேமராவின் அந்தக் கறுப்புக் கண்ணாடி முட்டை அவளையே பார்த்தது. அதில் இவள் எப்படித் தெரிகிறாள்? கலங்கலாகக் கொஞ்ச நேரம் யாரோவாகத் தெரிந்திருப்பாள், முப்புடாதியாகக்கூடத் தெரிந்திருக்கலாம். இப்போது தெளிந்திருக்கும். நரைத்த வகிடு, நீலச் சேலை, திறந்த வாய். "பிரமாதம் தம்பி," என்றது போன், "மூக்குத்தி முதக்கொண்டு தெரியுது. முறுக்கிருங்க." ஜெபசிங் முறுக்கினான். கிர்ர் கிர்ரென்று ஒவ்வொரு முறுக்கும் அவளுக்குக் கேட்டது. உலகம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

எந்திரிச்சிருக்கலாம். வேலை முடிந்துபோயிற்று, அந்தத் தம்பி ஏணியிலிருந்து இறங்கி, வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான். ஆனால் எந்திரிச்சால் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கணும். இங்கேயே இருந்தால் ரேக்தான் தெரியும், ரேக்கில் அடுக்கிய அரக்கும் பச்சையும் தெரியும். சின்னப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒளிந்துகொள்ளுமே, அப்படி இருந்துகொள்ளலாம். நாளைக்கு இங்கே யாரும் வரமாட்டார்கள். மத்தியானம் முப்புடாதி எங்கே போவாள்? கக்கூசில் போய் உட்காருவாள், அந்த ஈரத்தில். போன மாதம் கட்டின சிவப்புத் தோல் எத்தனை நாள் தாங்கும்? நான் வேண்டுமானால் என்னவாவது செய்து, அவளை ஸ்டோர் ரூமுக்கு மாற்றச் சொல்லி, நானே கேட்டு, நான் கேட்டால் தருவார், நம்பியிருக்கேன்னு சொன்னாரே. ஐயோ, மறுபடி அந்த நாற்காலிக்கே போகுதே மனசு! போனில் பேச்சு நின்றுபோயிருந்தது. படிக்கட்டில் ஷூ சத்தம் கேட்டது. உலகம்மாள் அதைக் கவனிக்கவில்லை, அவள் காதில் விழுந்தது வேறு. "ஏட்டி," என்று ஒரு குரல் வந்தது, அவசரமாக, வழக்கமான அதே ராகத்தில், "அந்த மாம்பழக் கலர்ல ஒண்ணு எடுத்துப் போடுங்கட்டி." முப்புடாதி குரல்.

கடையில் ஒரு வாடிக்கை இல்லை, ஷட்டர் பாதியில் நிற்கிறது, மாம்பழக் கலர் யாருக்கு? தூணில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, முதலாளி வருகிறார், குரல் கொடுக்கணும். உட்கார்ந்திருக்கிறது யார், என்ன செய்தவள் என்றெல்லாம் அந்தப் பிள்ளை பார்க்கவில்லை. கேமரா மாட்டியாச்சு, இனிமேல் எந்தச் சத்தமும் உதவாது என்பதுகூட அதற்குத் தோன்றவில்லை. இத்தனை நாள் எத்தனையோ பேருக்குக் கொடுத்த குரலை இவளுக்கும் கொடுத்துவிட்டது. உலகம்மாள் தூணைப் பிடித்து எழுந்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குள் சின்ன முதலாளி மேலே வந்துவிட்டார், சிரித்த முகமாக, கையில் போனோடு. "அட, நீங்க எதுக்கு எந்திரிக்கீங்க? உக்காருங்க உலகம்மா. நீங்க உக்காரலாம்."

பிள்ளைகள் எல்லாரும் இப்போது பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று காலையிலிருந்து தவித்தாளே, பார்த்தார்கள். உட்காரவும் முடியாமல், நிமிரவும் முடியாமல், ஒரு கை தூணிலும் ஒரு கை ரேக்கிலுமாக அவள் குனிந்து நின்றாள். சின்ன முதலாளி கவுண்ட்டர் பக்கம் திரும்பினார். மெத்தை மேல் மாம்பழக் கலர் பட்டு ஒன்று, ஜரிகை பளபளக்க, விரிந்து கிடந்தது. "இது யாருக்கும்மா? இன்னும் கடையே திறக்கலையே," என்றார். முப்புடாதியின் கை சேலை மேல் அப்படியே நின்றது. அவள் முகம் வெளிறியதை உலகம்மாள் அங்கிருந்தே பார்த்தாள்.

"எனக்குத்தான் மொதலாளி," என்றாள்.

"ஆடிக்கா? நல்லாருக்கும் உங்களுக்கு. எடுத்துக்கோங்க, விலையப் பாத்துப் போட்டுக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவர் ஜெபசிங்கோடு அடுத்த கேமராவைப் பார்க்கப் போனார். உலகம்மாள் நிமிர்ந்து நின்றாள். ஏதாவது சொல்லணும் என்று கவுண்ட்டர் வரைக்கும் வந்தாள். முப்புடாதி தலையைத் தூக்காமல், விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சேலையை மடித்தாள், மடித்து இவள் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு இடது காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துவிட்டு, மறுபடி வலது காலுக்கே மாறி நின்றாள்.